தோள் எலும்பு கூடிவிட்டது, கை மட்டும் ஏன் தூக்க வரவில்லை... தெரியுமா?

பாத்ரூம் ஈரத்தில் கால் வழுக்கியது, அவ்வளவுதான். மாடியிலிருந்து விழவில்லை, லாரி மோதவில்லை. நின்ற இடத்திலேயே விழுந்ததற்குத் தோள்மூட்டில் மேற்கை எலும்பு நாலு துண்டு! எலும்புப்புரை, அதாவது ஆஸ்டியோபோரோசிஸ் முற்றிய உடம்பில் இது சர்வசாதாரணம். மாதவிடாய் நின்று ஈஸ்ட்ரோஜன் குறையக் குறைய, மேற்கை எலும்பின் உருண்டைத் தலைக்குள் இருக்கும் வலைப்பின்னல் இழை இழையாக அறுந்துவிடும். சிலருக்கு மிஞ்சுவது வெறும் முட்டையோடுதான்!

ஐம்பதைத் தாண்டியவர் விழுந்தால் மணிக்கட்டு உடைகிறது, எழுபதைத் தாண்டியவருக்கு ஏன் தோள்? ஐம்பதில் கை சட்டென்று தரையில் ஊன்றிவிடும். எழுபதில் கை நீளுவதற்குள் உடம்பு விழுந்து முடிந்திருக்கும்!

அந்த நாலு துண்டுக் கணக்கைக் கண்டுசொன்னவர் பாஸ்டனில் இருந்த எர்னஸ்ட் காட்மன். 1934இல் தோளுக்கென்றே ஒரு தனிப் புத்தகம் எழுதிய மனிதர்! சிறுவயதில் தனித்தனியாக வளர்ந்த துண்டுகள் பின்னால் ஒட்டிக்கொண்ட கோடுகள் இருக்கின்றன அல்லவா, கிழவயதிலும் எலும்பு ஏறக்குறைய அதே கோடுகளில்தான் பிளக்கிறது என்றார். குனிந்து நின்று, கையைத் தொங்கவிட்டு மெல்ல ஆட்டச் சொல்கிறாரே பிசியோதெரபிஸ்ட், அதுவும் காட்மன் பேரில் வழங்கும் பயிற்சிதான்.

இன்னொரு வேடிக்கை. உடைந்தது தோள், நாலு நாள் கழித்துக் கன்றிக் கறுப்பது முழங்கை! கசிந்த ரத்தம் கீழே இறங்கி வருகிறது, வேறொன்றுமில்லை. வீட்டார்தான் இன்னொரு எலும்பும் போச்சென்று பதறிப்போவார்கள். படுத்தால் வலி உயிர் போகும். அதனால் பல இரவுகள் சாய்வு நாற்காலியிலேயே உறக்கம். அப்படி நிமிர்ந்து சாய்ந்திருக்கும்போது கையின் பாரமே துண்டுகளை இதமாகக் கீழே இழுத்து நேர்படுத்தப் பார்க்கிறது!

'பிளேட் வைத்தால் சீக்கிரம் சரியாகுமே' என்று கேட்காத மகன் உண்டா? பிரிட்டனில் 32 மருத்துவமனைகளில், துண்டுகள் இடம் நகர்ந்துபோன 250 பேரை வைத்தே பார்த்துவிட்டார்கள். பாதிப் பேருக்கு ஆபரேஷன், பாதிப் பேருக்கு வெறும் ஸ்லிங். 2015இல் வந்த முடிவு: இரண்டு வருஷம் கழித்துப் பார்த்தாலும் இரு தரப்புக்கும் சொல்லும்படி வித்தியாசம் இல்லை! (எலும்புத் தலை கிண்ணத்தைவிட்டே கழன்றுபோனவர்கள் இந்தக் கணக்கில் இல்லை.) புரையோடிய எலும்பில் ஸ்க்ரூ பிடிமானம் இல்லாமல் தளர்ந்துவிடுவதும் உண்டு.

சரி, தோள் குணமாக ஏன் இவ்வளவு நாள்? எலும்பைக் கரைக்கும் செல்கள் ஓர் இடத்தைச் சில வாரங்களில் சுரண்டிவிடும்; கட்டும் செல்கள் அதே பள்ளத்தை நிரப்ப மாதக்கணக்கில் ஆகும். இடிப்பவன் வேகம் கட்டுபவனுக்கு எங்கே வரும்! அப்படியும் பெரும்பாலான தோள்கள் மூன்று மாதத்துக்குள் கூடிவிடுகின்றன. எக்ஸ்ரேயைப் பார்த்து டாக்டர் சிரிப்பார். தலைவாரக் கை தூக்கினால் வராது! ஸ்லிங்கில் கிடந்த வாரங்களில் மூட்டைச் சுற்றிய உறை இறுகிப்போயிருக்கும். அதைத் தளர்த்தத்தான் ஒரு வருஷம், சிலருக்கு ஒன்றரை வருஷம். சிலருக்குப் பழைய உயரத்துக்குக் கை எழுவதே இல்லை. வலிக்கிறதென்று பயிற்சியைத் தள்ளிப்போட்டால் இறுக்கம்தான் கூடும்.

தோள் உடைந்தவருக்கு அடுத்து இடுப்பு உடையும் ஆபத்து முதல் வருஷத்தில்தான் மிக அதிகம், தெரியுமா? இருந்தும் கட்டுப் பிரித்ததோடு பலர் ஆஸ்பத்திரியை மறந்துவிடுகிறார்கள்; எனக்குக் கோபம் வருவது இங்கேதான். டெக்ஸா என்னும் அடர்த்திச் சோதனையில் டி-ஸ்கோர் மைனஸ் 2.5 அல்லது அதற்கும் கீழே என்றால் எலும்புப்புரை உறுதி.

மருந்துகளின் கதை இன்னும் விசித்திரம். வெறும் வயிற்றில் விழுங்கி அரைமணி நேரம் படுக்கக்கூடாது என்பார்களே, அந்த மாத்திரையின் வம்சம் தண்ணீர்க் குழாயில் உப்புப் படியாமல் தடுக்கும் ரசாயனங்களிலிருந்து வந்தது! இன்னொன்று, தென்னாப்பிரிக்காவின் ஆப்பிரிக்கானர் குடும்பங்கள் சிலவற்றிலிருந்து. அவர்களுக்கு ஒரு மரபணுக் கோளாறு: எலும்பு அளவுக்கு மீறிக் கெட்டிப்பட்டு, லேசில் உடையவே உடையாது, ஆனால் மண்டையோடு தடித்து நரம்பை நெரித்துக் காது கேட்காமல் போகும். எலும்பு வளர்ச்சிக்குக் கடிவாளம் போடும் ஸ்கிளிரோஸ்டின் என்ற புரதம் அவர்களிடம் இல்லை! எலும்பு தேய்ந்தவர்களுக்கு அதே புரதத்தை மடக்கும் ஊசிதான் ரோமோசோசுமாப். 2019இல் ஜப்பானும் அமெரிக்காவும் அனுமதித்தன. மாதம் ஒருமுறையாக ஒரு வருஷம் போட வேண்டும். கடந்த ஒரு வருஷத்துக்குள் மாரடைப்போ பக்கவாதமோ வந்தவர்களுக்கு மட்டும் கிடையாது.