இடமும் வலமும்: ஐரோப்பியச் சாலைகளும் நம் சாலைகளும்

1956ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 6ஆம் நாள், இரண்டு லேண்ட்ரோவர் மோட்டார் வண்டிகள் சிங்கப்பூர் வந்து சேர்ந்தன. ஒன்றன் பெயர் ஆக்ஸ்போர்டு. மற்றொன்றன் பெயர் கேம்பிரிட்ஜ். அவ்விரு பல்கலைக்கழகங்களையும் சேர்ந்த இளைஞர் அறுவர் 1955 செப்டம்பர் முதல் நாள் இலண்டனில் புறப்பட்டு, ஐரோப்பா, மேற்காசியா, பாகிஸ்தான், இந்தியா, பர்மா, தாய்லாந்து, மலாயா ஆகிய நிலப்பரப்புகளைக் கடந்து, ஜோகூர்க் கடற்பாலத்தின் வழியே இத்தீவை அடைந்தனர். ஆறு திங்களும் ஆறு நாளும் பிடித்த பயணம் அது. குழுவில் ஒருவராகிய டிம் சிலெசர் அதனைப் பின்னர் நூலாகவும் எழுதினார்.

இப்பயணத்தைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் காட்டையும் ஆற்றையும் மலையையும் பற்றியே பேசுவர். ஆனால், அவ்விளைஞர்கள் கடந்த மற்றொன்றும் உண்டு. அது சாலை விதிகளின் வேற்றுமை. இலண்டனில் இடப்பக்கம் ஓட்டத் தொடங்கியவர்கள், கால்வாயைக் கடந்து பிரான்சில் இறங்கியதும் வலப்பக்கம் மாற வேண்டியிருந்தது. இந்தியத் துணைக்கண்டத்துள் புகுந்த பின்னரோ மீண்டும் இடப்பக்கம். அங்கிருந்து சிங்கப்பூர்வரை இடப்பக்கமே. பர்மாவும் அக்காலத்தில் இடப்பக்கமே ஓட்டியது. 1970இல்தான் வலப்பக்கத்திற்கு மாறியது.

இன்று சிங்கப்பூர்த் தமிழர் பலர் விடுமுறைக்கு ஐரோப்பா சென்று, அங்கே கார் வாடகைக்கு எடுத்து, நாட்டுக்கு நாடு தாமே ஓட்டிச் செல்கின்றனர். ஆதலின் இவ்வேற்றுமைகள் ஏன் எழுந்தன, எவ்வாறு இயங்குகின்றன என்று அறிதல் பயனுடையது. விதியை மட்டும் மனப்பாடம் செய்தவன் புதிய இடத்தில் தடுமாறுவான். காரணத்தை அறிந்தவன் தன்னைத் திருத்திக்கொள்வான். இலக்கணம் கற்பிக்கும் ஆசிரியர்க்கு இவ்வுண்மையை எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை.

முதலில் நம் ஊரைப் பார்ப்போம். சிராங்கூன் சாலை இத்தீவின் மிகப் பழைய சாலைகளுள் ஒன்று. சுண்ணாம்புக் காளவாய்கள் அங்கிருந்தமையால் நம் முன்னோர் அவ்வட்டாரத்தைச் சுண்ணாம்புக் கம்பம் என்றனர். அதனை அடுத்து மாட்டு வாணிகம் செழித்தது. 'பஃபலோ' சாலை, 'கெர்பாவ்' சாலை என்னும் பெயர்கள் இன்றும் அதற்குச் சான்று. 'கெர்பாவ்' என்பது எருமையைக் குறிக்கும் மலாய்ச் சொல். இத்தீவின் தொடக்ககாலச் சாலைகள் பலவற்றை அமைத்தவர்கள் 1825 முதல் 1873 வரை இங்கு வைக்கப்பட்டிருந்த இந்தியக் கைதிகள். அச்சாலைகளில் முதலில் ஊர்ந்தவை மாட்டு வண்டிகள். 1896இல் ஜெர்மனியில் செய்யப்பட்ட பென்சு வண்டி வந்திறங்கியபோதுதான் இத்தீவு முதன்முதல் மோட்டார் வண்டியைக் கண்டது. வண்டி ஜெர்மனியிலிருந்து வந்தது; அது செல்ல வேண்டிய பக்கத்தை வகுத்த விதியோ இங்கிலாந்திலிருந்து வந்தது. இங்கிலாந்தில் 1835ஆம் ஆண்டின் நெடுஞ்சாலைச் சட்டம் இடப்பக்கம் செல்லுதலை விதியாக்கியிருந்தது. பிரித்தானியர் ஆண்ட இந்தியா, இலங்கை, மலாயா, சிங்கப்பூர் ஆகியவை அவ்விதியையே பெற்றன.

ஐரோப்பாவின் பெருநிலமோ வேறு வழியிற் சென்றது. பிரான்சு வலப்பக்கத்தைக் கைக்கொண்டது. அண்டை நாடுகள் ஒவ்வொன்றாய்ப் பின்தொடர்ந்தன. போர்த்துக்கல் 1928இல் மாறியது. சுவீடன் நெடுங்காலம் இடப்பக்கத்திலேயே நின்றது. 1955இல் மக்களைக் கேட்டபோது, பெரும்பான்மையோர் மாற்றம் வேண்டா என்றே வாக்களித்தனர். ஆயினும், எல்லையை அடுத்த நார்வேயும் பின்லாந்தும் வலப்பக்கம் ஓட்டின. சுவீடனில் ஓடிய கார்களோ பெரும்பாலும் வலப்பக்கச் சாலைக்கென அமைந்தவை. ஆதலால் 1963இல் நாடாளுமன்றம் மாற்றத்தை முடிவு செய்தது. 1967 செப்டம்பர் 3ஆம் நாள் விடியற்காலையில் நாடு முழுவதும் வண்டிகள் நின்றன. மெல்ல மறுபக்கம் நகர்ந்தன. ஐந்து மணிக்கு மீண்டும் புறப்பட்டன. அடுத்த ஆண்டு ஐஸ்லாந்தும் மாறியது. இன்று ஐரோப்பாவில் இடப்பக்கம் ஓட்டும் நாடுகள் பிரிட்டன், அயர்லாந்து, மால்டா, சைப்பிரசு என்னும் நான்கே. நான்கும் தீவு நாடுகள் என்பது நோக்கத்தக்கது. நிலத்தால் இணைந்த நாடுகள் ஒத்துப்போக வேண்டிய கட்டாயம் உடையவை. கடல் சூழ்ந்தவை தம் வழக்கத்தைக் காத்துக்கொள்ள இயலும்.

சிங்கப்பூரிலிருந்து பாரிசுக்கோ ரோமுக்கோ செல்பவர்க்கு இடர் எங்கே வருகிறது? நேரே செல்லும் சாலையில் அன்று. முன்னே செல்லும் வண்டிகளே அங்கு வழிகாட்டும். இடர் வருவது மூன்று இடங்களில். ஒன்று, காலையில் ஆளில்லாத் தெருவில் வண்டியை எடுக்கும்போது. இரண்டு, பெட்ரோல் நிலையத்திலிருந்து சாலைக்குத் திரும்பும்போது. மூன்று, முச்சந்தியில் இடப்புறம் திரும்பியபின் எந்தப் பக்கத்தில் சேர்வது என்னும்போது. இம்மூன்றிலும் பின்பற்ற வேறொரு வண்டி இராது. அப்பொழுது மனம் சிந்திப்பதற்கு முன்பே கை தன் பழைய பழக்கத்தைச் செய்துவிடும். நடப்பவர்க்கும் இதே இடர் உண்டு. நம் நாட்டில் சாலையைக் கடக்க முதலில் வலப்புறம் நோக்குகிறோம். பெருநில ஐரோப்பாவிலோ வண்டி முதலில் இடப்புறமிருந்து வரும். இலண்டன் தெருக்களில் 'வலப்புறம் பார்' என்று தரையிலேயே எழுதி வைத்திருப்பது, வெளிநாட்டார் உயிரைக் காக்கும் பொருட்டே.

அடுத்தது முன்னுரிமை. பெரிய சாலையில் செல்பவனுக்கே முதலிடம் என்பது நம்முள் ஊறிய எண்ணம். பிரான்சு, பெல்ஜியம், ஜெர்மனி முதலிய நாடுகளில், குறியீடு எதுவும் இல்லாத சந்திப்பில் வலப்புறமிருந்து வருபவனுக்கே முதலிடம். அவன் சிறு சந்திலிருந்து வந்தாலும் சரியே! இவ்விதியை அறியாதவன், 'சந்திலிருந்து வந்தவன் நில்லாமல் பாய்ந்தான்' என்று சினப்பான். தவறு தன்னுடையது என்பதை உணரான். சாலையோரத்தில் மஞ்சள் நிறச் சாய்சதுரப் பலகையைக் கண்டால், அச்சாலையில் செல்பவர்க்கே முன்னுரிமை என்று கொள்ளலாம். அதே பலகைமேல் கறுப்புக் கோடு குறுக்கே சென்றால், அவ்வுரிமை முடிந்தது என்பது பொருள்.

இவ்வகைப் பலகைகள் நாட்டுக்கு நாடு பெரிதும் ஒத்திருப்பதற்கு 1968இல் வியன்னாவில் எழுந்த உடன்படிக்கைகள் காரணம். மொழி அறியாதவனும் குறிப்பறிந்து செல்ல வேண்டும் என்பதே அவற்றின் நோக்கம். இந்நோக்கம் தமிழர்க்குப் புதிதன்று. தருமபுரிப் பகுதியில் கிடைத்த அதியமான் பெருவழிக் கல்லில், தாவளம் எத்தனை காதத் தொலைவு என்பது எழுத்தாலும் எண்ணாலும் மட்டுமன்றிக் குழிகளாலும் காட்டப்பட்டுள்ளது. பெரிய குழி பத்தைக் குறிக்கும். சிறிய குழி ஒன்றைக் குறிக்கும். எழுத்தறியா வணிகனும் குழிகளைத் தடவியே தொலைவை எண்ணிக்கொள்ளலாம். வழிப்போக்கன் எம்மொழியினனாயினும் அவனுக்கு உதவ வேண்டும் என்னும் அருளுணர்வு அக்கல்லில் உறைகிறது.

விரைவைப் பற்றிச் சிறிது கணக்குப் பார்ப்போம். சிங்கப்பூர் விரைவுச்சாலைகளில் உச்ச வேகம் மணிக்கு 90 கிலோமீட்டர். பிரான்சிலும் இத்தாலியிலும் நெடுஞ்சாலை வேகம் 130. மழை பெய்தால் 110. சுவிட்சர்லாந்தில் 120. ஜெர்மனியின் 'ஆட்டோபான்' சாலைகளிற் சில பகுதிகளுக்கு வேக வரம்பே இல்லை. 130 என்பது பரிந்துரை மட்டுமே. 90இல் செல்லும் வண்டி நொடிக்கு 25 மீட்டர் கடக்கும். 130இல் 36 மீட்டர் கடக்கும். வேகம் ஏறத்தாழ ஒன்றரை மடங்குதான். ஆனால் தடை அழுத்தியபின் நிற்பதற்கு வேண்டிய தொலைவு இரு மடங்கு. ஏனெனில் அத்தொலைவு வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. நம் சாலையில் பழகிய கண், அங்கே முன்வண்டிக்கும் தனக்கும் உள்ள இடைவெளியைப் போதுமானதென்று தவறாக மதிப்பிடும். ஆதலின் அங்கு வலப்புறத் தடத்திலேயே சென்று, முந்துவதற்கு மட்டும் இடப்புறத் தடத்தைப் பயன்படுத்தி, உடனே திரும்பிவிட வேண்டும்.

வேகத்திற்குப் பேர்போன அந்த ஜெர்மனியிலேயே நாம் போற்றத்தக்க விதி ஒன்று உண்டு. நெரிசலில் வண்டிகள் ஊர்ந்தாலோ நின்றாலோ, இடக்கோடித் தடத்தில் உள்ளவர் இடப்புறமும் ஏனையோர் வலப்புறமும் ஒதுங்கி நடுவே வழிவிட வேண்டும். மருத்துவ வண்டி வருவதைக் கண்டபின் ஒதுங்குவதன்று. வருமுன்னரே ஒதுங்கி நிற்பது. எங்கோ முன்னே அடிபட்டுக் கிடக்கும் முகமறியா ஒருவனுக்காக, நூற்றுக்கணக்கானோர் முன்கூட்டியே செய்யும் உதவி அது.

பனியும் மலையும் நமக்கு முற்றிலும் புதியவை. சிங்கப்பூரின் மிக உயர்ந்த இடமாகிய புக்கித் தீமா குன்று ஏறத்தாழ 164 மீட்டர். சுவிட்சர்லாந்தின் கோத்தார்டு கணவாய் 2,106 மீட்டர். குளிர்காலத்தில் அதன் மேற்சாலை பனியால் மூடிவிடும்; 1980இல் திறக்கப்பட்ட 16.9 கிலோமீட்டர் நீளச் சுரங்கச் சாலையே அப்போது துணை. ஆஸ்திரியாவில் நவம்பர் முதல் நாளிலிருந்து ஏப்ரல் 15 வரை, சாலை பனி படர்ந்திருந்தால் குளிர்காலச் சக்கரங்கள் கட்டாயம். சாதாரண ரப்பர் கடுங்குளிரில் இறுகித் தரையைப் பற்றும் திறனை இழக்கும் என்பதே காரணம். சுவீடனில் 1977 முதல் பகலிலும் முகப்பு விளக்கு எரிய வேண்டும். வடநாட்டின் மங்கிய வெளிச்சத்தில் வண்டியைத் தொலைவிலேயே காண அது உதவுகிறது.

கட்டணம் வாங்கும் முறையும் நாட்டுக்கு நாடு மாறும். பிரான்சிலும் இத்தாலியிலும் தொலைவுக்கேற்பச் சுங்கச் சாவடியில் செலுத்துகின்றனர். சுவிட்சர்லாந்தில் 1985 முதல் ஆண்டு வில்லை உண்டு. ஜெர்மனியில் கார்களுக்குப் பொதுச் சுங்கம் இல்லை. இங்கே நாம் பெருமையுடன் குறிக்கத்தக்க செய்தி ஒன்று உண்டு. நெரிசலைக் குறைக்க நகர நடுவிடத்துள் நுழையும் வண்டிகளிடம் கட்டணம் வாங்கும் முறையை, 1975 ஜூன் திங்களில் சிங்கப்பூரே முதலில் நடைமுறைப்படுத்தியது. 1998இல் அது மின்னியல் முறையாயிற்று. இலண்டன் 2003இலும், ஸ்டாக்ஹோம் நிலையான முறையில் 2007இலும் அவ்வழியைப் பின்பற்றின. வண்டியையும் விதியையும் ஐரோப்பாவிடம் பெற்ற தீவு, சாலையை ஆளும் கலையில் ஐரோப்பாவுக்கே ஆசிரியனாகியது.

மதுவைப் பொறுத்தவரை எச்சரிக்கை மிகவும் வேண்டும். சிங்கப்பூரிலும் இங்கிலாந்திலும் 100 மில்லிலிட்டர் குருதியில் 80 மில்லிகிராம் வரம்பு. பெருநில நாடுகள் பலவற்றில் அது 50. சுவீடனிலும் போலந்திலும் 20. செக் நாட்டிலும் ஹங்கேரியிலும் சுழி. நம் சட்டப்படி குற்றமற்றவன், எல்லை தாண்டியதும் குற்றவாளி ஆகக்கூடும். ஆதலின் வண்டி ஓட்டுபவன் குடியாதிருத்தலே எல்லா நாட்டுக்கும் பொருந்தும் விதி.

ஐரோப்பாவிடம் நாம் இன்னும் எண்ணிப் பார்க்க வேண்டியது ஒன்று உண்டு. காரில் முன்னிருப்பவர் மட்டுமன்றிப் பின்னிருப்பவரும், பேருந்திற் செல்வோரும் இருக்கையில் வார் உள்ளவிடத்து அதனை அணிதல் வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியம் 2003இல் நெறிப்படுத்தியது. நம் சிங்கப்பூரிலும் காருக்கு அவ்விதி உண்டு. ஆனால் கட்டுமானத் தொழிலாளர்களைச் சரக்கு லாரியின் பின்தட்டில் ஏற்றிச் செல்வதை, சில கட்டுப்பாடுகளுடன் சட்டம் இன்னும் ஏற்கிறது. அங்கே வாரும் இல்லை, இருக்கையும் இல்லை. 2023இல் இது நாட்டில் பெரிதும் விவாதிக்கப்பட்டது. உடனடித் தடை விதித்தால் சிறு நிறுவனங்கள் தாங்கா, பணிகள் தாமதமாகும் என்பது அரசின் விளக்கம். உயிர்க்காப்பில் ஆளுக்கு ஆள் வேறுபாடு கூடாது என்பது மறுதரப்பின் வாதம். இரு தரப்பையும் எடைபோடுவோர் ஒன்றை மறத்தல் ஆகாது. வண்டி திடீரென்று நிற்கும்போது, அதிலுள்ள உடல் பழைய வேகத்திலேயே முன்னோக்கிச் செல்லும். இவ்வியற்கை விதி, காரில் அமர்ந்தவனுக்கும் லாரித்தட்டில் அமர்ந்தவனுக்கும் ஒன்றே. ஞாயிறுதோறும் தேக்காவில் நாம் காணும் தமிழ்நாட்டு இளைஞர்களுள் பலர், வார நாள்களில் அத்தட்டிலேதான் பயணம் செய்கின்றனர்.

2019இல் அப்பழைய ஆக்ஸ்போர்டு வண்டி செப்பனிடப்பட்டு, இம்முறை சிங்கப்பூரிலிருந்து புறப்பட்டு இலண்டன் சேர்ந்தது. சிலெசரின் பேரன் அக்குழுவில் இருந்தார். 2021இல் மியன்மாரில் இராணுவம் ஆட்சியைக் கைப்பற்றியபின் மூண்ட போர், அத்தகைய தரைவழிப் பயணத்தை மிக அரிதாக்கிவிட்டது. வண்டியும் வேகமும் மட்டும் சாலையை உண்டாக்கிவிடமாட்டா. எதிரே வருபவன் தன் பக்கத்தில் வருவான் என்னும் நம்பிக்கையே சாலையை உண்டாக்குகிறது. அப்பக்கம் இடமாயினும் வலமாயினும் ஆகுக. அந்நம்பிக்கையின் காவல், காரில் செல்பவர்க்கும் நடந்து செல்பவர்க்கும் லாரித்தட்டில் செல்பவர்க்கும் ஒருபடித்தாய்க் கிடைக்கும் நாடே நல்ல சாலைகளை உடைய நாடு.