தொழில் செய்யும் மனசு உங்களிடம் இருக்கிறதா?

ஊர்க் கூட்டம் முடிந்து நான் வண்டி ஏறப் போகிற நேரத்தில், யாராவது ஒருவர் தனியாகக் கூப்பிட்டுக் கேட்பார்: "ஏனுங்க ஆபீசர், பண்ணையத்தோட ஒரு தொழிலும் ஆரம்பிக்கலாம்னு இருக்கேனுங்க. எனக்குச் சரிப்பட்டு வருமுங்களா?"

மண்ணைக் கொண்டு வந்தால் பரிசோதித்துச் சொல்லிவிடலாம். மனசைப் பரிசோதிக்க எங்கள் ஆய்வுக் கூடத்தில் கருவி கிடையாது. ஆனால் சில அடையாளங்கள் உண்டு. அவற்றை நீங்களே உங்களிடம் பார்த்துக் கொள்ளலாம்.

சிவன்மலைத் தேர்க்கடையில் வளையம் எறிகிற ஆட்டம் பார்த்திருப்பீர்கள். டேவிட் மெக்கிளெலண்ட் என்ற அமெரிக்க மனோதத்துவ அறிஞர், இந்த ஆட்டத்தையே ஆராய்ச்சிக்கு எடுத்துக் கொண்டார். 1960-களில் நம் பக்கத்து ஆந்திரத்துக் காக்கிநாடாவுக்கு வந்து வியாபாரிகளுக்கும் சிறுதொழில் செய்பவர்களுக்கும் பயிற்சி நடத்தியவர் அவர். "எவ்வளவு தூரத்தில் வேண்டுமானாலும் நின்று எறியலாம்" என்று சொல்லிவிட்டு, யார் எங்கே நிற்கிறார்கள் என்று பார்ப்பார்கள். சிலர் முளைக்குப் பக்கத்திலேயே நின்று போடுவார்கள். சிலர் வெகுதூரம் போய், விழுந்தால் அதிர்ஷ்டம் என்று வீசுவார்கள். சாதிக்கும் ஆசை உள்ளவர்கள் பெரும்பாலும் நடுத்தூரத்தில் நின்றார்கள். கஷ்டமாகவும் இருக்கணும், முயன்றால் முடியவும் வேண்டும். அந்த இடம்தான் அவர்களுக்குப் பிடித்தது.

ஆக, முதல் அடையாளம் வெறும் தைரியமல்ல, அளந்த தைரியம். புது விதை வந்தால் தோட்டம் முழுக்க விதைக்காமல், வேண்டாம் என்று ஒதுக்காமலும், பத்து சென்டில் போட்டுப் பார்க்கிறவர் நடுத்தூரத்தில் நிற்கிறவர்.

இதை நான் பாடம் படித்துத்தான் தெரிந்து கொண்டேன். பல வருஷம் முந்தி, என் வட்டத்தில் ஒரு தம்பி தேங்காய் நார் மில் போடப் போவதாகச் சொன்னார். பக்கத்து ஊரில் அவருடைய மச்சான் மில் போட்டு நன்றாக இருந்தார். தம்பி இரண்டு ஏக்கர் தோட்டத்தையும் அடமானம் வைத்து, பெரிய மிஷினாக ஒரே தடவையில் இறக்கினார். "மட்டை எங்கிருந்து வரும்? விலை இறங்கினால் எத்தனை மாசம் தாங்குவாய்?" என்று நான் கேட்டிருக்கணும். கேட்கவில்லை. "இளைஞர்கள் இப்படி முன்வரணும்" என்று திறப்பு விழாவில் பேசிவிட்டு வந்தேன். மட்டை விலை ஏறியது, நார் விலை இறங்கியது. இரண்டு வருஷத்தில் தோட்டம் கைவிட்டுப் போனது. இன்று அவர் வேறொருவர் மில்லுக்கு டெம்போ ஓட்டுகிறார். என்னைப் பார்த்தால் வண்டியை நிறுத்தி வணக்கம் சொல்லிவிட்டுத்தான் போவார். அந்த வணக்கம்தான் இன்று என்னைப் பேச வைக்கிறது.

இரண்டாவது அடையாளம், பிரித்துப் பார்க்கிற புத்தி. 1893-இல் கலங்கலில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர் ஜி.டி. நாயுடு. பெரிய படிப்பு இல்லை. ஒரு மோட்டார் சைக்கிளைப் பார்த்து ஆசைப்பட்டு, கோவையில் ஓட்டலில் வேலை செய்து பணம் சேர்த்து அதை வாங்கினார். வாங்கியதும் ஊர் சுற்றவில்லை. அக்கக்காகக் கழற்றி, திரும்ப மாட்டிப் பார்த்தார். 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரே ஒரு பஸ் விட்டார். 1937-இல் கோவையிலேயே மின்மோட்டார் தயாரானதில் அவருக்கும் டி. பாலசுந்தரம் நாயுடுவுக்கும் பங்கு உண்டு. கவலை ஓட்டித் தண்ணீர் இறைத்த நம் கிணறுகளுக்கு அது எவ்வளவு பெரிய காரியம்!

உங்கள் மோட்டார் காயில் புகைந்து போனால் என்ன செய்கிறீர்கள்? மெக்கானிக்கை வரச் சொல்லிவிட்டுச் சாளையில் கட்டில் போட்டுப் படுக்கிறீர்களா? பக்கத்தில் நின்று "ஏன் புகைந்தது?" என்று கேட்கிறீர்களா? இந்தக் கேள்விக்கு உண்மையான பதிலை உங்களுக்கு நீங்களே சொல்லிக் கொள்ளுங்கள்.

மூன்றாவது, கணக்கு. தேங்காயாக விற்காமல் கொப்பரையாக்கி அவல்பூந்துறை ஏலத்துக்குக் கொண்டு போகலாம் என்று பலர் நினைக்கிறார்கள். நல்ல யோசனைதான். ஆனால் பச்சைப் பருப்பில் ஏறக்குறைய பாதி தண்ணீர். நன்றாகக் காய்ந்த கொப்பரையில் ஈரம் 6 சதம்தான் இருக்கணும். அப்படியானால் 100 கிலோ பச்சைப் பருப்பு காய்ந்து 53 கிலோவாகத்தான் நிற்கும். மீதி 47 கிலோ ஆவியாகப் போய்விடும். இதோடு மட்டை உரிக்க, உடைக்க, களத்தில் காயப்போட்டு அள்ள ஆகும் கூலியும், வண்டிச் சத்தமும் உண்டு. வீட்டு அம்மணியும் பிள்ளைகளும் செய்கிற வேலைக்குக் கூலி போடுகிறீர்களா? போடாவிட்டால் நீங்கள் லாபம் என்று எண்ணுவது அவர்களுடைய கூலிதான். வரவை எண்ணுமுன் சேதாரத்தை எண்ணுகிறவருக்கே தொழில் மனசு உண்டு.

நான்காவது, நஷ்டம் வந்த பிறகு என்ன செய்கிறீர்கள் என்பது. ஜி.டி. நாயுடுவே பஸ் விடுவதற்கு முன் பம்பாய்ப் பருத்தி வியாபாரத்தில் கைப்பணத்தை இழந்தவர்தான். எனக்குத் தெரிந்த ஒரு அம்மா 500 காயில் கொப்பரை போட ஆரம்பித்தார். முதல் தடவையே மழை பிடித்துப் பாதி பூசணம் பூத்துவிட்டது. அவர் தலையெழுத்தை நொந்து கொள்ளவில்லை. எந்த நாளில் எவ்வளவு கெட்டது என்று பிள்ளையின் பள்ளிக்கூட நோட்டில் எழுதி வைத்தார். அடுத்த தடவை தரையை விட்டு உயர்த்திப் பந்தல் போட்டார். 500 காய் போனாலும் குடும்பம் நிற்கும் என்று தெரிந்துதான் அவர் தொடங்கினார். சாரஸ் சரஸ்வதி என்ற இந்திய வம்சாவளி ஆராய்ச்சியாளர், அனுபவம் வாய்ந்த தொழிலதிபர்களிடம் பேசி 2001-இல் வெளியிட்ட கட்டுரையில் சொன்னதும் இதையொட்டியதே: அவர்கள் "எவ்வளவு கிடைக்கும்" என்பதைவிட "எவ்வளவு போனால் தாங்கும்" என்று பார்த்து, கையில் இருப்பதைக் கொண்டு தொடங்குகிறார்கள்.

இந்த அடையாளங்கள் இல்லையென்றால் அது குறையா? இல்லவே இல்லை. நல்ல பண்ணையம் பார்ப்பதும் பெரிய வித்தைதான். விற்கிற தலைவலி வேண்டாம் என்பவருக்கும் வழி உண்டு. 1984-இல் உடுமலைப்பேட்டையில் தொடங்கிய சுகுணா நிறுவனம் பின்னாளில் பரப்பிய ஒப்பந்தக் கோழி வளர்ப்பில், குஞ்சும் தீவனமும் கம்பெனி கொடுக்கும். கொட்டகையும் உழைப்பும் விவசாயியுடையது. கோழி விலை இறங்கினால் அந்த அடி பெரும்பாலும் கம்பெனிக்குத்தான். ஆனால் கொட்டகைக் கடன் உங்களுடையது, அதை மறக்க வேண்டாம்.

கடைசியாக ஒரு வேலை சொல்கிறேன். இன்று ராத்திரி நோட்டில் ஒரே ஒரு தொகையை எழுதுங்கள். அது முழுக்கப் போனாலும் தோட்டமும் மாடும் பிள்ளைகள் படிப்பும் நிற்கணும். வீட்டு அம்மணியிடம் காட்டுங்கள். அவர் குறைக்கச் சொன்னால் குறையுங்கள். அந்தத் தொகைக்குள் அடங்கும் தொழிலைத் தொடங்குங்கள். அதற்கு மேலே யாராவது இழுத்தால், திறப்பு விழாவுக்கு வந்து கைதட்டுகிற ஆபீசராக இருந்தாலும் சரி, "யோசித்துச் சொல்றேனுங்க" என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து விடுங்கள்.