ஆழ்மூளைத் தூண்டல்: எதை எதிர்பார்க்கலாம்?

நடுக்குவாதம் எனப்படும் பார்கின்சன் நோயில், டோபமைன் சுரக்கும் மூளை நரம்பணுக்கள் சிறுகச் சிறுக அழிகின்றன. கை நடுங்குகிறது, தசை இறுகுகிறது, அசைவு மெதுவாகிறது. லெவோடோபா மாத்திரை தொடக்கத்தில் நன்கு பயன்படும். ஆண்டுகள் செல்லச் செல்ல அதன் பயன் நீடிக்கும் நேரம் குறுகும். மருந்து உச்சத்திலிருக்கும்போது உடல் தன்னையறியாமல் நெளியும். இந்நிலையிலேயே ஆழ்மூளைத் தூண்டல் அறுவைச் சிகிச்சை பற்றிய பேச்சு எழுகிறது.

1987இல் பிரான்சின் கிரனோபிள் நகரில் அலிம் லூயி பெனாபித் என்னும் அறுவை மருத்துவர், விரைவான மின்துடிப்புகள் நடுக்கத்தை அடக்குவதைக் கண்டார். இன்று மூளையின் ஆழத்தில் மெல்லிய மின்முனைகளைப் பதித்து, மார்புத் தோலடியில் வைக்கும் மின்கலக் கருவியோடு இணைக்கின்றனர்.

இதனால் யார் பயன் பெறுவர்? மருத்துவர்கள் கொள்ளும் அளவுகோல் எளியது. லெவோடோபாவுக்கு எந்தத் தொல்லை தணிகிறதோ, பெரும்பாலும் அதுவே தூண்டலுக்கும் தணியும். மருந்துக்கு அடங்காத நடுக்கம் மட்டும் இதற்கு விலக்கு. எனவே இச்சிகிச்சை, நோயாளியின் நாளில் மிக நல்ல வேளை எதுவோ அதனை நீட்டித் தருகிறது எனலாம். அதனினும் மேலான நிலையைத் தருவது அரிது. மருந்துண்ட பின்னும் தடுமாறி விழுபவரின் நடையை இது சீராக்கும் என நம்ப இயலாது. பேச்சுக் குழறலும் மறதியும் இதனால் தீருவதில்லை. சிலருக்குப் பேச்சு மேலும் மங்குவதுண்டு. நோயின் வளர்ச்சியையும் இது நிறுத்துவதில்லை.

இடர்களையும் எண்ண வேண்டும். மூளையில் குருதிக் கசிவு அரிதாக நேரும். நேர்ந்தால் பக்கவாதத்தில் முடியலாம். கிருமித் தொற்றினால் கருவியை அகற்ற நேரிடலாம். சாதாரண மின்கலத்தைச் சில ஆண்டுகளுக்கொரு முறை மாற்ற வேண்டும். மின்னளவைச் சீர்செய்யப் பல மாதங்கள் மருத்துவமனைக்குச் செல்லவும் வேண்டும்.

காலமும் ஒரு காரணியாகும். நினைவாற்றல் பெரிதும் குன்றியபின் இவ்வாய்ப்பு பெரும்பாலும் மறுக்கப்படும். ஆயினும் இது உயிர்காக்கும் அவசரச் சிகிச்சையன்று. ஆராய்ந்து முடிவெடுக்க அவகாசமுண்டு.

குடும்பத்தார் கண்ணில் படுவது நடுக்கம். நோயாளியை வாட்டுவதோ இரவில் புரண்டு படுக்க இயலாமையாக இருக்கலாம். ஆகவே, "உமக்கு எது மீள வேண்டும்?" என்று அவரிடமே முதலில் கேட்போம். அவ்விடையை மருத்துவரின் முன்வைத்து, அது மருந்துக்குத் தணிகிறதா எனச் சோதித்தறிந்த பின்னரே ஒப்புதல் அளிப்பது நலம்.