சூளைக்குப் போகிற கட்டைக்குள் என்னவெல்லாம் இருக்கிறது, தெரியுமா?

பனைக்கு ஆண்டு வளையமே கிடையாது, தெரியுமா? தேக்கை அறுத்தால் வளையங்களை எண்ணி வயசு சொல்லிவிடலாம். விளாத்திகுளம் வட்டம் குளத்தூர்ப் பக்கத்துக் கரிசலில் விழுந்து கிடக்கும் பனையை அறுத்துப் பாருங்கள். வெட்டு முகம் முழுக்கக் கறுப்புப் புள்ளிகள்தான். விளிம்பில் நெருக்கி அடித்துக்கொண்டு நிற்கும். உள்ளே போகப் போகக் கலைந்து, நடுவில் வெளிறிய சோறு. தேக்கு மாதிரி மரத்துக்கெல்லாம் வைரம் உள்ளே இருக்கும், பனைக்கு வெளியே! இதைக் கண்டுதான் தொல்காப்பிய மரபியல், புறத்தே வைரம் உள்ளதைப் புல் என்றும் அகத்தே உள்ளதை மரம் என்றும் பிரித்து வைத்தது. அந்தக் கணக்கில் நம் மாநில மரம் ஒரு புல்!

அந்தப் புல் லேசுப்பட்டதல்ல. முற்றிய பனையில் ஆணி அடித்தால் வளைவது ஆணிதான். முதலில் துளை போட்டாக வேண்டும். ரம்பமும் சீக்கிரம் மழுங்கும் என்பதால், அந்தக் காலத்தில் ஆப்பு வைத்து நீளவாக்கில் பிளந்தார்கள். சோற்றைச் செதுக்கி எறிந்தால் மிஞ்சுகிற கறுப்புச் சட்டம்தான் ஓட்டு வீட்டைத் தாங்கும் பனங்கை. அடிமரத்துச் சட்டத்துக்குத்தான் மவுசு, நுனி விறகுக்கு. கையில் பனஞ்சிராய் ஏறியவரைக் கேளுங்கள், அதன் வைரத்தைப் பற்றி விவரமாகச் சொல்வார்! சட்டமாக வேண்டாம் என்றால் நடுவைக் குடைந்துவிட்டு, தண்ணீர் ஓடும் வாய்க்காலாகவே வைத்தார்கள். டச்சுக்காரர்கள் யாழ்ப்பாணத்தில் இருந்த காலத்தில் பனஞ்சட்டம் கப்பலேறிப் போன ஏற்றுமதிச் சரக்கு. அப்பேர்ப்பட்ட கட்டையைச் செங்கல் சூளையில் போட்டு எரிக்க நமக்குத்தான் மனசு வருகிறது. (நிற்கிற பனையில் கை வைக்கும் முன் ஒன்று: வெட்டுவதற்கு மாவட்ட ஆட்சியர் அனுமதி கட்டாயம் என்று 2021-ல், தமிழ்நாட்டின் முதல் வேளாண் நிதிநிலை அறிக்கையிலேயே அறிவித்துவிட்டார்கள்.)

சாலை அகலப்படுத்தச் சாய்த்த புளியமரம் எங்கே போகிறது? விறகுக்குப் போனது போக, முரட்டு அடித்துண்டு கறிக்கடைக்கு! நாள் முழுக்கக் கத்தி விழுந்தாலும் சிராய் கிளம்பாமல் அடி வாங்கும் கட்டை அது. தாய்லாந்துச் சமையலறைகளிலும் வட்டமாக அறுத்த புளியங்கட்டையில்தான் காய்கறியும் கறியும் நறுக்குகிறார்கள். கிழட்டுப் புளியின் நடுவில் கருஞ்சிவப்பு வைரம் கொஞ்சம்போல இருக்கும். பொந்து விழாமல் அது கிடைத்தால் அதிர்ஷ்டம்.

தஞ்சாவூர் வீணை பழ மரத்தில் பிறந்தது என்பதாவது தெரியுமா? பண்ருட்டிப் பக்கத்து முதிர்ந்த பலாதான். குடத்தையும் தண்டியையும் ஒரே கட்டையில் குடைந்தால் அது ஏகாந்த வீணை. 2013-ல் புவிசார் குறியீடும் வாங்கிவிட்டது. 2011 டிசம்பர் 30-ம் தேதி தானே புயல் அடித்துச் சாய்த்ததும் அதே பண்ருட்டிப் பலாத் தோப்புகளைத்தான். இழைக்கும்போது உதிரும் மஞ்சள் தூளையும் வீசிவிட வேண்டாம். பலா வைரத்தை வேகவைத்து எடுத்த சாயத்தில்தான் புத்த பிக்குகளின் துவராடை நிறம் கண்டது.

தென்னையும் சளைத்ததல்ல. மணிலாவில் 1978-ல் தொடங்கித் தென்னங்கட்டையும் சிரட்டையும் இழைத்து ஒரு மாளிகையே கட்டினார் இமெல்டா மார்கோஸ். 1981-ல் வந்த போப்பாண்டவர் ஏழை நாட்டில் இத்தனை ஆடம்பரமா என்று அங்கே தங்க மறுத்துவிட்டார்!

நெல்லிக்கட்டையைக் கிணற்றில் போட்டால் உப்புத் தண்ணீர் நல்ல தண்ணீராகும் என்று இன்றும் நம்புகிறார்கள். கரிசல்காட்டு உப்பை ஒரு கட்டை வென்றுவிடுமா, எனக்குச் சந்தேகம்தான். கட்டையைத் தண்ணீரில் ஊறப்போடும் இன்னொரு பழக்கத்தில் மட்டும் விஷயம் உண்டு. வெட்டிய கட்டையைக் கண்மாயில் சில மாதம் அமுக்கி வைப்பார்கள். வண்டு தேடி வரும் இனிப்பும் மாவும் கரைந்து வெளியேறிவிடும், உளுப்பது குறையும். பிறகு நிழலில், இடையிடையே குச்சி கொடுத்து அடுக்கி ஆற விட வேண்டும். வெயிலில் போட்டால் போச்சு! முனை முதலில் காய்ந்து வாய் பிளக்கும். அதற்குத்தான் அறுத்த அன்றே முனையில் சாணியோ பழைய பெயிண்டோ பூசிவிடுவது. ஓர் அங்குலக் கனத்துக்கு ஒரு வருஷம் என்பது தச்சர்களின் தோராயக் கணக்கு.