எவ்வளவு வெட்டலாம்?

அல்சராகத்தான் இருக்கும் என்று நண்பர் எண்டோஸ்கோபிக்குப் போனார். தி.நகரில் ஆடிட் ஆபீஸ் வேலை. மார்ச் மாசம் முழுக்க மத்தியானச் சாப்பாடே டீயும் மசால் வடையும்தான். வேறென்ன வரும்?

வேறொன்று வந்தது. வயிற்றுச் சுவரில் 3 சென்டிமீட்டர் கட்டி, பெரிய நெல்லிக்காய் சைஸ். பயாப்ஸி ரிப்போர்ட்டில் 'ஜிஸ்ட்' என்று போட்டிருந்தது. கேன்சர் ஜாதிதான்.

மயிலாப்பூர் பெரியப்பா உடனே தீர்ப்பு சொல்லிவிட்டார்: ''மொத்த வயித்தையும் எடுத்துடச் சொல்லுடா. மிச்சம் வெச்சா திரும்ப முளைக்கும்.''

நண்பருக்கு இரண்டு ராத்திரி தூக்கமில்லை. ''வயிறே இல்லேன்னா அப்புறம் எதுக்குடா சம்பாதிக்கணும்?'' என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அடையாறில் ஒரு சர்ஜனிடம் துணைக்குப் போனேன். நான் வெறும் பி.காம். எனக்கே புரிகிற மாதிரி சொன்னார். வழக்கமான வயிற்றுக் கேன்சர் உள்தோலில் ஆரம்பித்து நிணநீர் முடிச்சுகளுக்குப் பரவும். அதனால் வயிற்றில் பெரும்பகுதியையும் முடிச்சுகளையும் சேர்த்து எடுப்பார்கள். ஜிஸ்ட் அப்படியில்லை. சுவருக்குள் முளைப்பது, முடிச்சுகளுக்குப் போவது அபூர்வம். கட்டியோடு சுற்றி நல்ல சதை கொஞ்சம் எடுத்தால் போதும். 2 சென்டிமீட்டருக்குக் கீழே, வேறு கெட்ட அடையாளமும் இல்லையென்றால், கத்தியே வைக்காமல் கண்காணிப்பதும் உண்டு.

''எவ்வளவு வெட்டறோம்கறதைவிட, கட்டி உடையாம வெளியே வரணும். அதான் முக்கியம்'' என்றார். உடைந்தால் செல்கள் வயிறு முழுக்கச் சிதறிவிடுமாம். அதனால்தான் லேப்ராஸ்கோபியில் கட்டியை உள்ளேயே ஒரு பைக்குள் போட்டு எடுக்கிறார்கள்.

பெரியப்பாவும் அடியோடு தப்பில்லை. வயிற்றறைக்குப் பின்பக்கம் வரும் சார்கோமா கட்டிகளுக்கு, பக்கத்திலிருக்கும் சிறுநீரகம், பெருங்குடலையும் சேர்த்து எடுக்க வேண்டும் என்று 2009-ல் பிரெஞ்சு, இத்தாலிய சர்ஜன்கள் எழுதினார்கள். அதில் இன்னும் சண்டை ஓயவில்லை.

கட்டி இரைப்பையின் வாய்ப்பக்கம் இருந்து வெட்டுவது சிரமமென்றால், முதலில் இமாடினிப் மாத்திரை கொடுத்துச் சுருக்குவார்கள். அபாயம் அதிகமுள்ளவர்களுக்கு ஆபரேஷனுக்குப் பிறகும் 3 வருஷம் கொடுப்பார்கள். இந்த மாத்திரைக்கு ஒரு சென்னைக் கதை இருக்கிறது. 1998-ல் நோவார்ட்டிஸ் இதன் ஒரு படிக வடிவத்துக்கு பேட்டன்ட் கேட்டு மனுப் போட்டது நம் ஊர் அலுவலகத்தில்தான். 2006-ல் மறுத்தார்கள். கம்பெனி சென்னை உயர் நீதிமன்றம் போய், கடைசியில் 2013 ஏப்ரல் 1 அன்று சுப்ரீம் கோர்ட்டிலும் தோற்றது. (தேதியைப் பார்த்துச் சந்தேகப்படாதீர்கள், நிஜம்தான்!) அப்போது கம்பெனி மருந்து மாசத்துக்கு சுமார் 1,20,000 ரூபாய். இந்தியத் தயாரிப்பு 10,000 ரூபாய்க்குள்.

நண்பருக்கு மாத்திரை தேவைப்படவில்லை. செல்கள் பிரியும் வேகம் குறைவு என்று ரிப்போர்ட் வந்தது. அவ்வப்போது ஸ்கேன் மட்டும்.

போன வாரம் மயிலாப்பூரில் இரண்டாவது தோசைக்குச் சட்னி கேட்டுக்கொண்டிருந்தார். பெரியப்பா விடவில்லை. ''முழுசா எடுத்துட்டாங்களாடா?''

''முழுசா எடுத்துட்டாங்க பெரியப்பா... கட்டியை!''