பழைய ஆல்-இன்-ஒன் மரவேலை மெஷின்: மோட்டாரை மாற்றும் முன் என்ன பார்க்க வேண்டும்?

மெஷின் ஒன்று, மோட்டார் ஒன்று. அதை வைத்தே மரம் அறுக்கலாம், கடையலாம், துளை போடலாம், தேய்த்து வழவழப்பாக்கலாம். 70 ஆண்டுகளுக்கு முன் அமெரிக்க வீடுகளின் கார் ஷெட்டுக்குள் நுழைந்த 'ஷாப்ஸ்மித்' என்ற பல்நோக்கு மரவேலை மெஷின்களில் பல இன்றும் ஓடிக்கொண்டிருக்கின்றன.

ஓடாமல் நிற்பவையும் உண்டு. தாத்தா ஆசையாக வாங்கியிருப்பார், அப்பா தொட்டிருக்க மாட்டார், வீட்டைக் காலி செய்யும்போது பேரன் விற்பனைக்குப் போடுவார். கூடவே ஒரு வரி: 'மோட்டார் போயிடுச்சு'. அந்த ஒரு வரியிலேயே மெஷினின் மதிப்பு சரிந்துவிடும்.

உண்மையில் போனது மோட்டார்தானா? அப்படியே என்றாலும், கடையில் கிடைக்கும் ஏதோ ஒரு மோட்டாரை மாட்டிவிட முடியுமா? மாட்டினால் ஓடும். ஆனால் இங்கே ஒரே மோட்டார்தான் ரம்பத்தையும் லேத்தையும் டிரில்லையும் சுற்றுகிறது. தவறான மோட்டாரைப் பொருத்தினால், எல்லா வேலையும் ஒரே நேரத்தில் ஆபத்தாகிவிடும்.

இது என்ன மெஷின்?

ஜெர்மனியிலிருந்து அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்த ஹான்ஸ் கோல்ட்ஷ்மிட் என்பவரின் கண்டுபிடிப்பு இது. இரண்டாம் உலகப்போர் முடிந்த கையோடு, 1947-ல் சந்தைக்கு வந்தது. 'மான்ட்கோமரி வார்ட்' என்ற பெரிய கடை நிறுவனம் இதை நாடு முழுக்க விற்றது. தனித்தனியாக ஐந்து மெஷின் வாங்கக் காசும் இடமும் இல்லாத வீடுகளுக்கு இது வரப்பிரசாதம்.

படுக்கை வசத்தில் வைத்தால் டேபிள் ரம்பம், லேத், தேய்க்கும் வட்டு, பக்கவாட்டில் துளையிடும் மெஷின். அப்படியே செங்குத்தாக நிமிர்த்தினால் டிரில் பிரஸ்.

இதில் இரண்டு தலைமுறைகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். முதலில் வந்த '10ஈஆர்' மாடலில் மோட்டார் வெளியே தனியாகத் தொங்கும். பெல்ட்டும் புல்லியும் வழியாகச் சுழற்சி போகும். மோட்டார் இல்லாமலேயே மெஷினை வாங்கி, கையில் இருக்கும் மோட்டாரை மாட்டிக்கொள்ளவும் முடிந்தது. 1950-களில் வந்த 'மார்க் 5' மாடலில் மோட்டார், பெல்ட், வேகத்தை மாற்றும் அமைப்பு எல்லாமே தலைப்பகுதிக்குள் அடங்கிவிட்டன. முன்னால் இருக்கும் டயலைத் திருப்பினால் வேகம் நிமிடத்துக்கு 700 சுற்றிலிருந்து 5,200 சுற்று வரை மாறும்.

இந்த வித்தியாசம்தான் ரிப்பேர் செலவைத் தீர்மானிக்கிறது. பழைய 10ஈஆருக்குப் பொதுவான மோட்டார் எளிதில் பொருந்தும். ஆனால் மற்ற பாகங்களுக்கு, உடைந்துபோன இன்னொரு 10ஈஆரைத் தேடிப் பிடிக்க வேண்டும். மார்க் 5-ல் கதை தலைகீழ். மெஷினுக்கான பாகங்கள் இன்றும் கிடைக்கின்றன. ஆனால் அதன் மோட்டார் ஷாஃப்ட் தனி வடிவம் கொண்டது, கடையில் விற்கும் சாதாரண மோட்டார் உள்ளே உட்காராது.

சரி, மோட்டார் நிஜமாவே செத்துப்போச்சா?

வீட்டு சீலிங் ஃபேன் சுற்றாமல் 'ம்ம்' என்று முனகினால் என்ன செய்வோம்? புது ஃபேன் வாங்க ஓட மாட்டோம். எலக்ட்ரீஷியன் வந்து கண்டென்சரை மாற்றிவிட்டுப் போவார். இந்த மெஷின்களில் உள்ள சிங்கிள் ஃபேஸ் மோட்டார்களுக்கும் ஏறக்குறைய அதே நோய்தான்.

நிற்கும் மோட்டாரைத் தள்ளிவிட ஒரு தொடக்க காயிலும் ஒரு கண்டென்சரும் இருக்கும். மோட்டார் முக்கால்வாசி வேகத்தைத் தொட்டதும், உள்ளே இருக்கும் ஒரு சுவிட்ச் சுழற்சி விசையால் விலகி, அந்தத் தொடக்க காயிலைத் துண்டித்துவிடும். மோட்டார் நிற்கும்போது 'டிக்' என்று ஒரு சத்தம் கேட்குமே, அந்த சுவிட்ச் திரும்ப உட்காரும் சத்தம்தான் அது.

மரவேலை மெஷினில் இந்த சுவிட்சுக்கு முதல் எதிரி மரத்தூள். தொடுமுனைகளுக்கு நடுவே தூள் அடைத்தால் தொடக்க காயிலுக்கு மின்சாரம் போகாது. மோட்டார் உறுமும், சுற்றாது. தூளை ஊதி எடுத்து, தொடுமுனையை மெல்லிய உப்புத்தாளால் துடைத்தாலே பல மோட்டார்கள் உயிர் பெற்றுவிடும்.

எனவே சோதிக்கும் வரிசை இப்படி இருக்கட்டும்:

1. பிளக், வயர், ஆன்-ஆஃப் சுவிட்ச். பழைய வயரின் உறை காய்ந்து நொறுங்கியிருக்கும்.
2. கண்டென்சர். உப்பியிருந்தாலோ, எண்ணெய் கசிந்திருந்தாலோ மாற்ற வேண்டியதுதான். அதே மைக்ரோஃபாரட் அளவு, அதே வோல்ட் அல்லது அதற்கு மேல்.
3. உள்ளே இருக்கும் தொடக்க சுவிட்ச்.
4. பேரிங். பிளக்கைப் பிடுங்கிவிட்டு ஷாஃப்டைக் கையால் சுற்றிப் பாருங்கள். கரகரவென்று இருந்தாலோ, இறுகி நின்றாலோ பேரிங் போய்விட்டது.
5. கடைசியாகத்தான் காயில். எரிந்த வாடை, கருகிய நிறம் இருந்தால் காயில் கட்ட வேண்டும், அல்லது மோட்டாரை மாற்ற வேண்டும்.

ஒரு எச்சரிக்கை: பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கண்டென்சருக்குள் மின்சாரம் தங்கியிருக்கும். அதை ரெசிஸ்டர் வைத்து வடித்துவிட்ட பிறகே கை வைக்க வேண்டும். அந்தப் பழக்கம் இல்லாதவர்கள் இந்த வேலையை எலக்ட்ரீஷியனிடம் விட்டுவிடுவது நல்லது.

மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால்?

பழைய மோட்டாரைக் கழற்றுவதற்கு முன் அதன் தகட்டை போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஹார்ஸ்பவர் தவிர அதில் இன்னும் பல தகவல்கள் இருக்கும். முக்கியமானவை நான்கு.

*வேகம்:* 60 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் பொதுவான மோட்டார்கள் நிமிடத்துக்கு 1,725 அல்லது 3,450 சுற்று. 10ஈஆருக்கு ஏற்றது 1,725. மார்க் 5-ன் மோட்டார் 3,450. 10ஈஆரில் தெரியாமல் 3,450-ஐ மாட்டினால் எல்லா வேகமும் இரட்டிப்பாகும். 12 அங்குலத் தேய்க்கும் வட்டு 1,725-ல் சுற்றினால், அதன் விளிம்பு மணிக்கு சுமார் 99 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும். இரட்டிப்பானால் 198. வட்டில் சின்ன விரிசல் இருந்தால்கூட சிதறும் துண்டு அந்த வேகத்தில்தான் முகத்தை நோக்கி வரும்.

லேத்தில் இது இன்னும் மோசம். கடைசல்காரர்களிடம் ஒரு கணக்கு உண்டு: மரத்துண்டின் விட்டத்தை (அங்குலத்தில்) வேகத்தால் பெருக்கினால் விடை 6,000 முதல் 9,000-க்குள் இருக்க வேண்டும். 12 அங்குலக் கிண்ணம் கடைய வேண்டுமானால் 500 முதல் 750 சுற்றுதான். மார்க் 5-ன் குறைந்தபட்ச வேகமே 700 என்பதை நினைத்துப் பார்த்தால், வேகம் ஏன் இவ்வளவு முக்கியம் என்பது புரியும்.

*திசை:* மோட்டார் எந்தப் பக்கம் சுற்றியது என்று அம்புக்குறி போட்டு வையுங்கள். திசை மாறினால் ரம்பத்தின் பல் மரத்தை மேஜையோடு அழுத்தாமல் மேலே தூக்கி எறியும். பிளேடைப் பிடித்திருக்கும் நட்டும் தளரலாம். பல மோட்டார்களில் தொடக்க காயிலின் இரண்டு வயர்களை இடம் மாற்றினால் திசை மாறிவிடும். அதற்கான படம் தகட்டிலோ மூடியின் உள்பக்கத்திலோ இருக்கும்.

*ஷாஃப்டும் சட்டமும்:* ஷாஃப்ட் எத்தனை தடிமன், போல்ட் துளைகள் எவ்வளவு இடைவெளி என்பதை 'ஃபிரேம்' எண் சொல்லும். '56' என்று போட்டிருந்தால் ஷாஃப்ட் பொதுவாக 5/8 அங்குலம். அரை அங்குல ஷாஃப்டுக்கான புல்லி இதில் நுழையாது.

*ஆம்பியர்:* 'சக்தி கூடினா நல்லதுதானே' என்று 2 ஹெச்பி மோட்டாரைத் தேடுபவர்கள் உண்டு. அமெரிக்க வீடுகளின் 115 வோல்ட்டில் அது சுமார் 24 ஆம்பியர் இழுக்கும். 15 ஆம்பியர் பிரேக்கர் உடனே விழுந்துவிடும். பழைய ஷாஃப்டும் பெல்ட்டும் அந்தச் சக்திக்காகச் செய்யப்பட்டவையும் அல்ல. மார்க் 5 ஆரம்பத்தில் முக்கால் ஹெச்பி, பிறகு 1⅛ ஹெச்பி. அந்த அளவே போதுமானது.

மோட்டாரோடு சேர்த்து வேறு என்ன மாற்றலாம்?

தலைப்பகுதியைத் திறந்ததே பெரிய வேலை. திறந்த கையோடு பெல்ட்டையும் பேரிங்கையும் பார்த்துவிடுவது புத்திசாலித்தனம்.

பேரிங் விஷயத்தில் ஒரு நல்ல செய்தி. அதன் மேல் பொறித்திருக்கும் எண் உலகம் முழுக்க ஒன்றுதான். '6203' என்றால் உள்விட்டம் 17 மில்லிமீட்டர், வெளிவிட்டம் 40, அகலம் 12. எந்த நாட்டில், எந்த நிறுவனம் செய்தாலும் இதே அளவு. மெஷின் பெயரைச் சொல்லத் தேவையில்லை, எண்ணைச் சொன்னால் போதும். மரத்தூள் இருக்கும் இடம் என்பதால், இருபுறமும் ரப்பர் மூடி உள்ள '2ஆர்எஸ்' வகை பொருத்தமானது.

பெல்ட்டில் கவனம் தேவை. ஆரம்பகால மார்க் 5 மெஷின்களில் 'கில்மர்' என்ற பல் வைத்த பெல்ட் இருந்தது. பின்னாளில் அது 'பாலி-வி' என்ற, நீளவாக்கில் கோடு கோடாக வரி உள்ள பெல்ட்டாக மாறியது. ஒன்றின் இடத்தில் இன்னொன்றைத் தனியாக மாட்ட முடியாது. புல்லிகளையும் சேர்த்தே மாற்ற வேண்டும்.

பழைய மெஷின் வாங்குபவர்கள் முதல் நாளிலேயே செய்யும் தவறு இன்னொன்று. மெஷின் நின்றிருக்கும்போது மார்க் 5-ன் வேக டயலைத் திருப்புவார்கள். பெல்ட் ஓடிக்கொண்டிருந்தால்தான் புல்லியின் இரு தட்டுகளும் விலகி வழிவிடும். நின்றிருக்கும்போது பலமாகத் திருப்பினால் உள்ளே இருக்கும் பாகங்கள் உடையும். ஓடும்போது மட்டுமே டயலைத் தொட வேண்டும்.

இந்தியாவுக்குக் கொண்டு வந்தால் ஓடுமா?

அமெரிக்காவிலிருந்து வீட்டுச் சாமானோடு மெஷினையும் கப்பலில் ஏற்ற நினைப்பவர்களுக்கான கேள்வி இது. அங்கே 115 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். இங்கே 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். நேரடியாகச் செருகினால் மோட்டார் எரியும். டிரான்ஸ்ஃபார்மர் வைத்தால் வோல்ட் சரியாகும், ஹெர்ட்ஸ் மாறாது. 1,725 சுற்று சுமார் 1,440 ஆகக் குறையும், மோட்டாரும் வழக்கத்தைவிட அதிகம் சூடாகும்.

10ஈஆராக இருந்தால் தீர்வு எளிது. உள்ளூரில் கிடைக்கும் 230 வோல்ட், 1,440 சுற்று மோட்டாரை மாட்டி, மோட்டார் பக்கப் புல்லியை 20 சதவீதம் பெரிதாக்கினால் பழைய வேகம் கிடைத்துவிடும். 3 அங்குலப் புல்லிக்குப் பதிலாக 3.6 அங்குலம். மார்க் 5-ல் மோட்டார் உள்ளே அடங்கியிருப்பதால் இது அவ்வளவு சுலபமில்லை.

எலக்ட்ரானிக் மோட்டாருக்கு மாறலாமா?

ஷாப்ஸ்மித் நிறுவனமே 'பவர்புரோ' என்ற எலக்ட்ரானிக் தலைப்பகுதியைக் கொண்டுவந்தது. பழைய மார்க் 5-ன் தலையைக் கழற்றிவிட்டு இதைப் பொருத்தலாம். வேகம் 250 வரை இறங்கும் என்பதால் பெரிய கிண்ணம் கடைபவர்களுக்கு இது நிம்மதி.

10ஈஆர் வைத்திருப்பவர்கள் சிலர் த்ரீ ஃபேஸ் மோட்டாரும் 'விஎஃப்டி' என்ற வேகக் கட்டுப்பாட்டுக் கருவியும் சேர்த்து மாட்டுகிறார்கள். ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. ஏற்கெனவே இருக்கும் கண்டென்சர் வைத்த சிங்கிள் ஃபேஸ் மோட்டாரில் விஎஃப்டியை இணைத்தால் இரண்டுமே கெடும்.

கடைசியாக, செலவு குறைந்த இரண்டு மாற்றங்கள்

மோட்டாரை மாற்றினாலும் மாற்றாவிட்டாலும் இவை இரண்டையும் செய்துவிடுங்கள். ஒன்று, எர்த் வயர். 1950-களின் மெஷின்கள் இரண்டு முள் பிளக்கோடு வந்தவை. உடல் முழுக்க உலோகம். உள்ளே ஒரு வயர் உரசினாலும் கைப்பிடியில் ஷாக் அடிக்கும். மூன்று முள் பிளக், எர்த் வயரோடு மாற்றுவது கட்டாயம்.

இரண்டாவது, 'நோ-வோல்ட்' வகை சுவிட்ச். பழைய சுவிட்சில், கரண்ட் போய்த் திரும்பி வந்தால் மெஷின் தானாகவே ஓடத் தொடங்கும். ரம்பத்தில் சிக்கிய துண்டை எடுக்க நீங்கள் கையை உள்ளே விட்டிருக்கும் நேரமாகவும் அது இருக்கலாம். புதிய வகை சுவிட்சில், நீங்கள் மறுபடி பட்டனை அழுத்தினால் மட்டுமே மெஷின் ஓடும்.

புது மோட்டாரின் விலையோடு ஒப்பிட்டால் இந்த இரண்டுக்கும் ஆகும் செலவு மிகச் சிறியது. பேரனிடமிருந்து வாங்கிய மெஷினில் முதல் மரத்தை அறுக்கும் முன்பே இவற்றை முடித்துவிடலாம்.