மேற்குச் சுவருக்கு ஒரு மரம்

ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் புது வீடு கட்டியவர்கள் நாற்றுப் பண்ணைக்குப் போனதும் கேட்பது, "என்ன மரம் வைக்கலாம்?" என்றுதான். எந்தப் பக்கம் வைப்பது, அங்கே எத்தனை அடி இருக்கிறது, மண் என்ன என்ற மூன்றுக்கும் பதில் தெரிந்தால் மரத்தின் பெயர் தானாக வந்துவிடும்.

முதலில் பக்கம். இந்த இரண்டு ஊர்களும் ஏறத்தாழ 9.5 பாகை வட அட்சரேகையில் இருக்கின்றன. அதனால் சித்திரை பிறக்கும் நாளையொட்டிச் சூரியன் நண்பகலில் நேர் உச்சிக்கு வந்துவிடுகிறது. அதன்பின் ஆவணி வரைக்கும் உச்சிப்பொழுதில் அது சற்று வடக்கே தள்ளித்தான் நிற்கும். ஆகவே அக்னி நட்சத்திரத்தில் தெற்குச் சுவரில் வெயில் ஏறாது. நண்பகல் வெயில் மொட்டைமாடியைத்தான் சுடும். வீட்டைப் புழுங்க வைப்பது மூன்று மணிக்கு மேல் மேற்குச் சுவரில் நேராக அறையும் சாய்வெயில். அந்தச் சுவர் குடித்த சூட்டை இரவெல்லாம் படுக்கையறைக்குள் விட்டுக்கொண்டே இருக்கும். ஒரே ஒரு மரத்துக்குத்தான் இடம் என்றால் அதை மேற்கே வையுங்கள்.

ஆனால் ஆனி, ஆடியில் மலை தாண்டி வரும் காற்றும் மேற்கிலிருந்துதான் வீசுகிறது. முருங்கையை அந்தப் பக்கம் வைத்தால் வருடாவருடம் கிளை முறிந்து விழும். சிவப்பாகப் பூத்துக் குலுங்கும் குல்மொஹரும் அப்படித்தான். 2016 டிசம்பரில் வர்தா புயல் சென்னையில் சாய்த்துப் போட்ட மரங்களில் அதுவும் பெருங்கொன்றையும் ஏராளம்.

அடுத்து மண். மலையடிவாரத்தில் செம்மண், கிழக்கே போகப் போகக் கரிசல். தெரியாவிட்டால் இரண்டடி ஆழக் குழி ஒன்று வெட்டி நிரம்பத் தண்ணீர் விடுங்கள். வடிந்ததும் இன்னொரு முறை நிரப்புங்கள். சில மணி நேரத்தில் இறங்கிவிட்டால் நல்ல மண். மறுநாள் காலையிலும் தேங்கி நின்றால் அந்த இடத்தில் வேருக்குக் காற்று கிடைக்காது. வேருக்கும் மூச்சு வேண்டும். அதனால்தான் பெரும்பாலான வேர்கள் மேல்மண்ணின் இரண்டு மூன்று அடிக்குள்ளேயே, கிளைவிரிப்பையும் தாண்டிப் படர்கின்றன. மேலே எவ்வளவு உயரமோ கீழே அவ்வளவு ஆழம் என்று பலரும் நம்புகிறார்கள்; அது சரியல்ல. நல்ல குழாயை வேர் துளைப்பதும் அரிது. இணைப்பில் கசிவு இருந்தால் அந்த ஈரத்தைத் தேடி நுழையும்.

கரிசலில் இன்னொரு ஆபத்து உண்டு. அந்த மண் நனைந்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கி வெடிக்கும். சுவரோரம் பெரிய மரம் நின்று கோடையில் ஈரத்தை உறிஞ்சினால், அஸ்திவாரத்துக்கு அடியில் ஒரு பக்கம் மட்டும் மண் இறங்கும். சுவரில் சாய்வாக விரிசல் விழும். செம்மண்ணில் போதுமான இடைவெளி கரிசலில் போதாது.

மேற்கே பதினைந்து அடிக்கு மேல் இருப்பவர்களுக்கு என் முதல் தேர்வு புங்கை. கடுங்கோடைக்குள் தழைத்து நிழல் தருகிற மரம் அது: மாசி, பங்குனியில் கொஞ்ச நாள் மொட்டையாக நிற்கும், சித்திரைக்குள் பளபளவென்று புதுத்தளிர் மூடிவிடும். அவரைக் குடும்பம் என்பதால் வேர் முண்டுகளில் நுண்ணுயிரிகளை வைத்துத் தழைச்சத்தையும் சேர்த்துக்கொள்ளும். இலையெல்லாம் சிறு சிறு கொப்புளமாக எழும்பியிருப்பதைப் பார்த்து மருந்து அடிக்க ஓடாதீர்கள். கண்ணுக்குத் தெரியாத சிலந்திப்பேன் செய்யும் வேலை அது. மரத்துக்கு ஒன்றும் ஆகாது. வேம்புக்கு இதைவிடவும் அகலம் வேண்டும். மகிழம் மெதுவாக வளரும், பொறுமை உள்ளவர்களுக்கு அதைப்போல மரமில்லை: இலை உதிர்த்து மொட்டையாவதில்லை, பூ காய்ந்த பிறகும் மணக்கும்.

கோயிலைச் சுற்றிய பழைய தெருக்களைப்போல நெருக்கமான இடங்களில் ஐந்தாறு அடிதானே இருக்கிறது என்பவர்கள் மனம் தளர வேண்டாம். மாலை நான்கு மணிக்கு மேல் சூரியன் தாழ்ந்துவிடுவதால், கீழ்த்தளச் சுவரை மறைக்கப் பன்னிரண்டு அடி உயரமே போதும். பவழமல்லி, மாதுளை, கறிவேப்பிலை எதுவானாலும் சரி. மின்கம்பிக்குக் கீழே வைக்கவும் இவைதான் பொருத்தம். சீக்கிரம் பச்சை காட்டும் என்று கோனோகார்பஸ் கொடுத்தால் வாங்காதீர்கள். குஜராத் அரசு 2023-இல் அதை நடத் தடை விதித்தது.

ராஜபாளையத்தில் மாமரம் இல்லாமல் எப்படி என்று கேட்பீர்கள். சப்பட்டையும் பஞ்சவர்ணமும் விளைகிற ஊரில் அந்த ஆசை நியாயமானது. கொட்டை போட்டு முளைக்க வைத்தால் மரம் வீட்டை மீறி வளரும், தாயின் ருசியும் வருமென்று சொல்ல முடியாது. ஒட்டுக்கன்றே வையுங்கள். அடர்நடவுத் தோப்புகளில் 3 மீட்டருக்கு 2 மீட்டர் இடைவெளியில்கூட மா நடுகிறார்கள். வருடாவருடம் வெட்டிக் கட்டுக்குள் வைப்பதுதான் அதன் சூட்சுமம். பழம் பறித்த கையோடு கவாத்து செய்துவிட வேண்டும். புதுக்கிளையின் நுனியில்தான் மா பூக்கிறது. அந்தக் கிளை தை மாதப் பூவுக்குள் முற்றியாக வேண்டும். கார்த்திகையில் வெட்டினால் அந்த வருடக் காய்ப்பு போச்சு.

கன்று வாங்கும்போது உயரத்தைப் பார்த்து மயங்காதீர்கள். நெடுநாள் பையில் கிடந்த கன்றின் வேர் அடியில் வட்டமாகச் சுற்றியிருக்கும். பாலித்தீனைக் கிழித்தால் பிரிமணை போலச் சுருண்டு கிடப்பது தெரியும். அதை அப்படியே நட்டால் வளர்ந்த பிறகும் அந்தச் சுருள் நீங்காது, பெருங்காற்றில் மரம் அடியோடு சாயும். சுருண்ட நுனிகளைக் கத்தியால் நறுக்கிவிட்டு நடுங்கள். தண்டு பருத்து வேராகப் பிரியும் இடம் மண் மட்டத்தில் இருக்கட்டும், புதைய வேண்டாம். இங்கே நல்ல மழை ஐப்பசி, கார்த்திகையில்தான். புரட்டாசிக் கடைசியில் நட்டால் முதல் இரண்டு மாதம் மழையே பார்த்துக்கொள்ளும். தையிலிருந்து வாரம் இரண்டு முறை ஊறும்படி தண்ணீர் விடுங்கள். அடுத்த வருடம் பாத்தியைத் தண்டிலிருந்து இரண்டடி தள்ளி அகலமாக வெட்டுங்கள், வேர் அந்த ஈரத்தைத் தேடி வெளியே படரும்.